சாயங்காலத்துக்குள் தீர வேண்டிய பட்சணம்

நம்முடைய வீடுகளில் ஒரு பட்சணத்தைப் புகழ்வதற்கு, "பதினைந்து நாள் வைத்தாலும் அப்படியே இருக்கும்" என்பதைவிடப் பெரிய வாசகம் கிடையாது. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னதாகவே முறுக்கும் அதிரசமும் தகர டின்களில் ஏறிவிடுகின்றன. வெளியூர்ப் பிள்ளைக்கு அனுப்பும் பொட்டலத்தில் முதல் இடம் பிடிப்பது எதுவென்றால், ரயிலிலும் தபாலிலும் எத்தனை நாள் உருண்டாலும் தன் சுபாவத்தை மாற்றிக்கொள்ளாத பதார்த்தம்தான். இத்தகைய பரம்பரையிலே வளர்ந்தவர்களுக்கு, மத்தியானம் மூன்று மணிக்குப் பொரித்துச் சர்க்கரைப் பூச்சில் தோய்த்தெடுத்தால் ராத்திரிச் சாப்பாட்டு வேளைக்குள் தன் மகிமையெல்லாம் இழந்து சாதாரணப் பன்னாகிவிடுகிற டோனட்டைப் பார்க்கும்போது, இதற்காகவா இவ்வளவு பிரயாசை என்று தோன்றுவது நியாயமே. ஆனால் அந்தக் குறைந்த ஆயுள்தான் இதை வீட்டில் செய்வதற்கான காரணம் என்பது என் அபிப்பிராயம். வைத்திருந்து விற்க வேண்டிய கடைக்காரருக்கு இது தீராத சங்கடம். வாணலிக்குப் பத்தடி தூரத்தில் தின்கிறவர்கள் காத்திருக்கும் வீட்டுக்கோ, இதைவிடச் சௌகரியமான பலகாரம் இல்லை.

அல்சூரில், சோமேசுவரர் கோயிலுக்கும் ஏரிக்கும் நடுவே, தெருவில் தமிழும் கன்னடமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நடக்கிற பகுதியில் குடியிருக்கிறேன். ஈஸ்ட் போட்ட பண்டம் இங்கே அந்நியமானதல்ல. ஆங்கிலேயப் பட்டாளம் 1809-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டுப் பெங்களூருக்கு இடம் மாறி, அல்சூரை ஒட்டிக் கன்டோன்மென்ட் எழுந்தபோது, சிப்பாய்களுக்குப் பின்னால் வியாபாரிகளும் சமையற்காரர்களும் கூலியாட்களுமாகத் தமிழ் ஜனங்கள் வந்து சேர்ந்தார்கள். துரைமார்களின் மேஜைக்கு ரொட்டியும் வந்து சேர்ந்தது. அதே 1809-ஆம் வருஷக் கடைசியிலேதான், பூமியின் மறுபக்கத்தில், வாஷிங்டன் இர்விங் என்ற அமெரிக்க எழுத்தாளர் நியூயார்க் நகரத்தின் வேடிக்கைச் சரித்திரம் ஒன்றை வெளியிட்டு, டச்சுக் குடியேறிகளின் தேநீர் விருந்தில் பன்றிக் கொழுப்பில் பொரித்த இனிப்பு மாவு உருண்டைகள் தட்டு நிறைய இருந்ததை வர்ணித்தார். டோனட் அச்சில் ஏறிய ஆரம்பகாலக் குறிப்புகளில் அது ஒன்று. இந்த இரண்டு சங்கதிகளுக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் கன்டோன்மென்ட்டுக்காரர்களாகிய எங்களுக்கு இதில் ஒரு சிறு பாத்தியதை இருப்பதாக நினைத்துக்கொள்வதில் யாருக்கும் நஷ்டமில்லை.

தெருமுனைப் பேக்கரியில் டோனட் என்ற பெயரில் கிடைப்பது, பெரும்பாலும், பொடித்த சர்க்கரை தூவிய ஒரு கெட்டியான வளையம். டீயில் முக்கித் தின்ன அது நன்றாகவே இருக்கும். அதைக் குறை சொல்ல மாட்டேன். அமெரிக்கக் கம்பெனியான கிறிஸ்பி கிரீம் 2013-இல் பெங்களூரில் கடை திறந்த பிறகு, பளபளப்பான பூச்சுள்ள, அழுத்தினால் அமுங்கிவிடுகிற ஈஸ்ட் டோனட்டின் ருசி இந்த ஊர்க் குழந்தைகளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த மெத்தென்ற குணத்தை வீட்டில் கொண்டுவர முடியுமா என்று கேட்கிறவர்களுக்கு, சுடச்சுடத் தின்பதானால் கடையை மிஞ்சவே முடியும் என்று சொல்கிறேன்.

மைதா 500 கிராம், காய்ச்சி ஆறிய பால் 220 மில்லி, முட்டை 2, சர்க்கரை 60 கிராம், உப்புப் போடாத வெண்ணெய் 75 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7 கிராம், உப்பு 8 கிராம். ஏறக்குறைய பதினாறு டோனட்டுக்கு இது போதும். கப், டம்ளர் என்று அளக்காமல் எடை போடும்படி வற்புறுத்துகிறேன்; மைதாவைக் கோபுரமாக அள்ளினால் ஒரு கணக்கு, தலை தட்டி அள்ளினால் வேறொரு கணக்கு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாவு பிசையும்போது பிரத்தியட்சமாகத் தெரியும். நம் மைதா, அயல்நாட்டார் ரொட்டிக்கென்று விற்கும் மாவைவிடச் சற்றுப் பலம் குறைந்தது. ரொட்டிக்கு அது ஒரு குறையாக இருக்கலாம், டோனட்டுக்கு மென்மையே பிரதானமாகையால் அனுகூலம்தான். பிரத்தியேக மாவைத் தேடிக் கமர்ஷியல் ஸ்ட்ரீட் வரை அலைய வேண்டியதில்லை.

பாலைக் காய்ச்சும்படி அயல்நாட்டுப் புத்தகங்கள் தனியாக ஒரு வரி எழுதுவது வழக்கம். காய்ச்சாத பாலிலுள்ள ஒருவகைப் புரதம் மாவின் பிசுக்குப் பலத்தைக் குலைக்கும் என்பதே காரணம். பாக்கெட்டை வாங்கியவுடன் அடுப்பில் ஏற்றாமல் மறுவேலை பார்க்காத நம் வீடுகளில் இந்த உபதேசம் அநாவசியம். வெதுவெதுப்பாக ஆறவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. சுண்டு விரலைப் பாலில் விட்டால் சூடும் தெரியாமல் குளிர்ச்சியும் தெரியாமல் இருக்கிற பக்குவமே ஈஸ்டுக்கு உகந்தது. கை சுடும் பாலை ஊற்றினால் அந்த ஜீவராசிகள் செத்துப்போகும். அப்புறம் எத்தனை மணி நேரம் காத்திருந்தும் பிரயோஜனமில்லை. இன்ஸ்டன்ட் ஈஸ்டை மாவோடு நேரடியாகக் கலக்கலாம் என்று பாக்கெட்டில் அச்சிட்டிருந்தாலும், பிரித்த பாக்கெட் கிளிப்பு மாட்டி ஃபிரிட்ஜ் கதவில் எத்தனை மாதமாக இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரியாத வீட்டில், பாலில் ஒரு சிட்டிகைச் சர்க்கரையோடு கரைத்துப் பத்து நிமிஷம் நுரை வருகிறதா என்று பார்த்துவிடுவதே விவேகம்.

அறுபது கிராம் சர்க்கரையைப் பார்த்துக் கை தாராளமாக நீளும், அடக்கிக்கொள்ள வேண்டும். சர்க்கரை அதிகமானால் அது ஈஸ்டுக்குச் சேர வேண்டிய ஈரத்தைத் தானே இழுத்துக்கொண்டு, மாவு உப்புவதைத் தாமதப்படுத்தும். பொரிக்கும்போதோ உள்ளே வேகுமுன் மேலே கறுத்துவிடும். தித்திப்பு முழுவதும் மேல்பூச்சின் பொறுப்பு.

வெண்ணெய் தவிர மற்றதையெல்லாம் சேர்த்துப் பிசைய ஆரம்பித்தால் முதல் ஐந்து நிமிஷம் மாவு கையையும் பாத்திரத்தையும் ஒட்டிக்கொண்டு படுத்தும். இந்த இடத்தில்தான் சப்பாத்தி மாவில் பழகிய கை, டப்பாவிலிருந்து இன்னொரு பிடி மைதாவை எடுத்துப் போடத் துடிக்கும். போடக்கூடாது. இங்கே சேர்க்கிற ஒவ்வொரு பிடியும் சாயங்காலம் டோனட்டைக் கெட்டியாக்கும். கையில் துளி எண்ணெய் தடவிக்கொண்டு, மேடை மேல் மாவை அறைந்து, இழுத்து, மடித்து, மறுபடியும் அறைந்து பிசைந்தால், பத்து நிமிஷத்தில் ஒட்டுதல் தானாக விட்டு மழமழப்பு வரும். அப்போதுதான் வெண்ணெயைச் சிறு துண்டுகளாகச் சேர்க்க வேண்டும். முன்னதாகச் சேர்த்தால் கொழுப்பு மாவைப் பூசிக்கொண்டு, இழுவை உண்டாவதைத் தடுக்கும். வெண்ணெய் முழுவதும் உள்ளே போன பிறகு எலுமிச்சங்காயளவு மாவைக் கிள்ளி இரண்டு கைவிரல்களாலும் மெல்ல விரித்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தால், கிழியாமல் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். கிழிந்தால் இன்னும் மூன்று நிமிஷம் பிசைவதே பரிகாரம்.

இனி மாவைத் துணி போர்த்தி மூடி வைக்க வேண்டும். துணி போர்த்திவிட்டுக் காத்திருப்பது அல்சூர்க்காரர்களுக்குப் புதிதல்ல: எங்கள் ஏரிக்கரைத் திருவள்ளுவர் 1991 முதல் பதினெட்டு வருஷம் மூடியபடியே நின்று, 2009 ஆகஸ்டு 9-ஆம் தேதிதான் திறப்புவிழாக் கண்டார். மாவுக்கு அவ்வளவு சோதனை இல்லை. ஆனால் எத்தனை நேரம் என்று கேட்டால், கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்பதே வாஸ்தவமான பதில். இந்த ஊர் கடல்மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னைக் காற்றைக் காட்டிலும் இங்கே காற்றின் அழுத்தம் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. அழுத்துகிற பாரம் குறைந்தால், ஈஸ்ட் உண்டாக்குகிற வாயு அதிகமாக விரிந்து, மாவு வேகமாகவே மேலெழும். இதை ஈடுகட்டுவதற்கென்றே வருகிறது டிசம்பர் மாதத்துக் குளிர்: பதினாறு டிகிரிக் காலைப்பொழுதில் ஈஸ்ட் சோம்பிக் கிடந்து, இரண்டரை மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளும். ஏப்ரலில், தேர்த்திருவிழா வெயிலில், ஐம்பது நிமிஷத்தில் பாத்திரத்தின் விளிம்பை எட்டிப் பார்க்கும். ஆகையால் "ஒரு மணி நேரம் வைக்கவும்" என்று எங்கோ சமவெளியில் இருந்துகொண்டு எழுதிய குறிப்பை ஒதுக்கிவிட்டு, பக்கம் நேராக இருக்கிற எவர்சில்வர் தூக்கில் மாவை வைத்து, அதன் மட்டத்துக்கு வெளியே ஒரு ரப்பர் பேண்டை மாட்டிவிடுவது என் யுக்தி. மாவு அந்த அடையாளத்துக்கு இரண்டு பங்கு உயர்ந்ததா என்பதே கேள்வி. மணி எத்தனை என்பதல்ல. விடுமுறை நாளில் காலை பதினோரு மணிக்கே டோனட் வேண்டுமென்றால் முதல்நாள் ராத்திரி பிசைந்து ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். குளிரில் மெதுவாகப் பொங்கிய மாவுக்கு வாசனையும் ஒரு படி அதிகம். இறுகியிருப்பதால் தேய்ப்பதும் சுலபம்.

தேய்ப்பதற்குச் சப்பாத்திக் குழவியே போதும். 1917-இல் பிரான்சு தேசத்துப் போர்முனையில் சால்வேஷன் ஆர்மியைச் சேர்ந்த பெண்மணிகள், அமெரிக்கச் சிப்பாய்களுக்கு டோனட் பொரித்துக் கொடுத்தபோது, குழவி கிடைக்காமல் திராட்சைமதுப் புட்டியால் மாவைத் தேய்த்து, ஒரு சிறு வாணலியில் ஏழேழாகப் பொரித்தார்களாம். ஆயுத சாமக்கிரிகள் இல்லை என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள வழியில்லை. அரை அங்குலக் கனத்துக்குத் தேய்த்த மாவை எவர்சில்வர் டம்ளரின் வாயால் வட்டமாக அழுத்தி எடுத்து, நடுவே தண்ணீர் பாட்டில் மூடியால் ஒரு துளை. அமெரிக்காவில் மெய்ன் மாகாணத்துக் கப்பல்காரரான ஹேன்சன் கிரிகரி என்பவர், 1847-இல் தமக்குப் பதினாறு வயதானபோது, நடுப்பாகம் வேகாமல் மாவாகவே நிற்பதைக் கண்டு, கப்பலில் இருந்த மிளகுத்தூள் தகரடப்பாவின் மூடியால் முதல் துளையைப் போட்டதாகக் கிழவயதில், 1916-இல், பத்திரிகைக்காரரிடம் சொன்னார். கப்பல்காரர்கள் சொல்லும் கதையை எவ்வளவு தூரம் நம்பலாமோ அவ்வளவே நம்புகிறேன். எங்கள் தெருவில் உளுந்து வடைக்குத் துளை போடுகிற பெண்கள் எவரும் அதற்காக ஒரு கல்வெட்டுக் கேட்டதாகத் தெரியவில்லை. கிரிகரிக்கோ அவர் ஊரிலே கல்லே நட்டிருக்கிறார்கள்.

வெட்டிய வளையங்களைக் கையால் தூக்கி எண்ணெயில் போடக்கூடாது. இரண்டாவது முறை உப்பிய பிறகு அவை தொட்டால் சுருங்கிவிடும் சுகுமாரமான வஸ்துக்கள். பட்டர் பேப்பரைச் சதுரம் சதுரமாகக் கத்தரித்து, ஒவ்வொரு வளையத்தையும் ஒரு சதுரத்தின் மேல் வைத்துவிட்டால், காகிதத்தோடேயே எண்ணெயில் இறக்கி, காகிதம் விடுபட்டதும் இடுக்கியால் எடுத்துவிடலாம். இந்த இரண்டாவது பொங்குதல் முப்பதிலிருந்து நாற்பத்தைந்து நிமிஷம். மார்ச் மாதத்து உலர்ந்த காற்றில் மேலே தோல் கட்டிவிடும். அகலமான அண்டாவைக் கவிழ்த்து, உள்ளே ஒரு கிண்ணம் வெந்நீரும் வைத்தால் கட்டாது. பக்கவாட்டில் விரல் நுனியால் லேசாக அழுத்தும்போது, குழி சட்டென்று நிமிர்ந்துகொண்டால் இன்னும் நேரமாகவில்லை. நிமிரவே இல்லையென்றால் நேரம் தப்பிவிட்டது. யோசித்து யோசித்துப் பாதியளவு எழுந்தால் அதுதான் முகூர்த்தம்.

"ஏம்மா, பஞ்சு மாதிரி இருக்குதே, எண்ணெய் குடிச்சிடாதா?" என்று, கதவருகே நின்றபடி கேட்டார் பக்கத்து வீட்டு அக்கா. பொரிக்கிற எந்தப் பண்டத்தையும் இந்த ஒரு கேள்வியால் எடைபோடுகிறவர் அவர்.

"சூடு சரியா இருந்தா குடிக்காதுக்கா. காயறதுக்கு முன்னாடி போட்டாதான் குடிக்கும்."

எண்ணெய் 175 முதல் 180 டிகிரி வரை இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் துளையிலிருந்து வந்த சிறு உருண்டையைப் போட்டுப் பார்க்கலாம்: அடிக்குப் போய் அங்கேயே தங்கினால் சூடு போதாது, போட்ட கணமே சிவந்தால் அதிகம், மூழ்கியதும் உடனே மேலே வந்து சுற்றிலும் நிதானமாகக் குமிழ் விட்டால் சரி. மாவிலுள்ள ஈரம் நீராவியாகி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்வரை எண்ணெய் உள்ளே நுழைய இடமில்லை. சூடு தணிந்தால் அந்தத் தள்ளுதல் குறைந்து எண்ணெய் புகுந்துவிடும். ஆகையால் ஒரே சமயத்தில் மூன்றுக்கு மேல் போட்டு வாணலியைக் குளிரவிடக் கூடாது. ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிஷம், சற்று ஏறக்குறைய. சரியாக உப்பிய டோனட் பாதி மூழ்கிப் பாதி மிதக்குமாதலால், இரண்டு பக்கமும் சிவந்த பிறகும், இடுப்பைச் சுற்றி எண்ணெய் படாத ஒரு வெள்ளைப் பட்டை நிற்கும். அக்காவுக்கு அதைத்தான் காட்டினேன். அவர் அதைப் பார்த்ததைவிட, அடியில் விரித்த காகிதத்தை விரலால் தடவிப் பார்த்ததே அதிகம். கறை சிறிதாக இருக்கவே திருப்தியடைந்தார்.

மேல்பூச்சுக்கு 250 கிராம் ஐசிங் சுகர், மூன்று மேஜைக்கரண்டி வெதுவெதுப்பான பால், அரைத் தேக்கரண்டி வனிலா எசன்ஸ், ஒரு கிள்ளு உப்பு. சர்க்கரையை மிக்ஸியில் அரைத்துக்கொண்டால் போதாதா என்றால், எவ்வளவு அரைத்தாலும் நாக்கில் நறநறப்புத் தட்டும். கடையில் வாங்குவது மெல்லியது, அதில் சோளமாவும் கொஞ்சம் கலந்திருப்பதால் பூச்சு சீக்கிரம் இறுகும். கரண்டியைத் தூக்கினால் நாடாவாக வடிந்து, வடிந்த கோடு ஒரு கணம் நின்று மறைய வேண்டும். டோனட்டை எண்ணெயிலிருந்து எடுத்து ஒன்றிரண்டு நிமிஷம் கழித்து, கையில் பிடிக்க முடிந்த சூட்டில், ஒரு பக்கமாகத் தோய்த்துக் கம்பித் தட்டின் மேல் வைக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்கத் தோய்த்தால் பூச்சு முழுவதும் வழிந்து ஓடிவிடும். ஆறவிட்டுத் தோய்த்தால் வெள்ளையடித்த சுவராகக் கனத்து நிற்கும். சரியான சூட்டில் தோய்த்ததோ முதலில் பால் நிறமாக இருந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெளிந்து, கண்ணாடிப் பளபளப்போடு மெல்லிய ஓடாகப் படியும். பத்து நிமிஷம் கழித்து விரல் வைத்தால் நுண்ணிய விரிசல் விடும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழைக்காலத்தில் இந்த ஓடு காயாமல் பிசுபிசுக்கும். பாலை அரைக்கரண்டி குறைத்துக்கொள்வதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை.

ஏலக்காய், ரோஜா எசன்ஸ், குங்குமப்பூ என்று பூச்சில் சேர்த்துப் பாதுஷாவின் வேஷம் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உற்சாகமில்லை, பாதுஷா வேண்டுமென்றால் பாதுஷாவே செய்துவிடலாம். ஆனால் பாலுக்குப் பதிலாக மூன்று கரண்டி முதல் டிகாக்ஷனை ஊற்றிக் கலந்த பூச்சை மட்டும் எவ்வளவு சிபாரிசு செய்தாலும் தகும். சிக்கரி கலந்த தூளின் கசப்பு, சர்க்கரையின் அகங்காரத்தை அடக்கிவிடுகிறது.

முட்டை கூடாத வீட்டில் அதை விட்டுவிட்டுப் பாலை 270 மில்லியாக உயர்த்தி, இரண்டு கரண்டி கெட்டித் தயிர் சேர்த்தால் போதும். நிறம் சற்று வெளுக்கும், மென்மை குறையாது. 1898-இல் சிக்பேட்டையில் திருமலாச்சார் ஆரம்பித்ததாகச் சொல்லப்படும் பேக்கரியைத் தொடர்ந்து, முட்டையில்லாத கேக்கும் பன்னும் ஊர் முழுக்கப் பரப்பிய ஐயங்கார் பேக்கரிகளின் நகரத்தில், இதற்கு மேலும் ருசு கேட்பது அழகல்ல.

எல்லாம் முடிந்து தட்டு நிறைந்து நிற்கையில், மாமியார் வழக்கம்போல், "நாளைக்கு உங்க சித்தப்பா வர்றாராம், நாலு எடுத்து டப்பாவுல போட்டு வையேம்மா" என்றார்.

"நாளைக்கு இது நல்லா இருக்காது அத்தை. இப்பவே வரச் சொல்லுங்களேன்."

அவருக்கு அது மனஸ்தாபமாகத்தான் இருந்தது. எடுத்து வைக்க முடியாத பலகாரம் என்பது அவருடைய கணக்கில் பாதிப் பலகாரம். நான் காரணம் சொல்லிப் பார்த்தேன்: நேரமாக ஆக உள்ளேயிருக்கிற ஈரம் சர்க்கரை ஓட்டுக்கு ஏறி அதைக் கரைய வைக்கிறது; மாவின் சத்தோ இறுகிக்கொண்டே போகிறது; ஃபிரிட்ஜில் வைத்தால் அந்த இறுகல் தடைபடுவதற்குப் பதிலாகத் துரிதப்படுகிறது. பெரிய கம்பெனிகள் இதைத் தள்ளிப்போடுவதற்கென்று சில சரக்குகளை மாவில் சேர்க்கிறார்கள். வீட்டு மாவில் அவை இல்லாததே வீட்டு டோனட்டின் ருசி. மாமியார் இதையெல்லாம் கேட்டுவிட்டு, சித்தப்பாவுக்கு ஃபோன் போட்டார். சித்தப்பா மெட்ரோ ஏறி வந்து சேருவதற்குள், மேல்வீட்டுக் கன்னடக் குடும்பத்துக்கு ஆறும், அக்கா வீட்டுக்கு நாலும், இஸ்திரிக்காரர் குழந்தைகளுக்கு மூன்றும் போய்விட்டன. மிஞ்சியதில் அவர் இரண்டைத் தின்றுவிட்டு, இது என்ன, உள்ளே ஒன்றுமே இல்லையே, காற்றாக இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டார்.

மீந்தேபோன ஒன்றுக்கு மறுநாள் காலையில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. குறுக்கே இரண்டாக அரிந்து, தோசைக்கல்லில் சொட்டு நெய் விட்டு, பூச்சுள்ள பக்கம் கல்லில் படும்படி கவிழ்த்தால், சர்க்கரை உருகிப் பொன்னிறமாக முறுகி, முந்தின நாள் இல்லாத வேறொரு ருசியைக் கொடுக்கும். அடுப்பு மிகச் சன்னமாக எரிய வேண்டும், அந்தண்டை இந்தண்டை நகரக் கூடாது. கருகினால், பிற்பாடு அந்தக் கல்லில் தோசை எழும்பாது.